அறுபத்துநாலு

மாடு மறுபடியும் வாலை ஒதுக்கியது.

சாணி போடப் போகிறதென்று அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

போடவில்லை. வாலை ஒருபக்கமாய் விட்டபடி, கழுத்தைத் திருப்பி அவளையே பார்த்தது.

"மகாராணிக்கு இன்னும் என்னடி வேணும்?"

கன்றை ஊட்டவிட்டாயிற்று. வெந்நீரில் மடி கழுவியாயிற்று. காம்புக்கு எண்ணெய். வாய்க்கெதிரே புண்ணாக்கு. வேளைக்கு எட்டு லிட்டர் கறந்த மாடு, ஒன்பது நாளாக அரை லிட்டரைத் தாண்டவில்லை. பாலை அடக்கிக்கொள்கிறது.

ஒன்பது நாள். மகள் நவீனா காலேஜ் விடுதிக்குப் போய்.

இன்றைக்கும் கறக்காவிட்டால் விற்றுத் தள்ளிவிடலாம் என்று தம்பி குப்புராசு சொல்லியிருந்தான். மாட்டு ஏவாரியையும் வரச் சொல்லிவிட்டான்.

கறக்கக் குந்தினாள். மாடு வாலை ஒதுக்கியது. எழுந்தாள். போடவில்லை.

ஓங்கி ஒன்று வைக்கக் கையைத் தூக்கினாள்.

மாடு அசையவில்லை. வால் ஒதுங்கியே இருந்தது.

தூக்கிய கை அப்படியே நின்றது.

பதினொன்றாம் வகுப்பில் பால்பண்ணைப் பாடம் எடுத்திருந்தாள் நவீனா. ஒரு மாதம் தினமும் மாட்டின் நாடியைப் பார்த்து ரெக்கார்டில் எழுதிவரச் சொன்னார்கள். மாதம் முடிந்தும் விடவில்லை. கறப்பதற்கு முன்னால் வாலடியில் இரண்டு விரலை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பால் வண்டி போய்விடுமென்று இவள் கத்துவாள்.

"ஏம்மா கத்தற! எண்ணிக்கை உட்டுப்போச்சு பாரு!"

மறுபடி முதலிலிருந்து.

வாளியைக் கீழே வைத்தாள். வாலடியில் விரல் வைத்தாள். ஒன்றும் அகப்படவில்லை. நகர்த்தினாள். எரிச்சல் எரிச்சலாக வந்தது. படித்த பிள்ளை செய்கிற வேலை.

பிறகு, விரலுக்கடியில், துடித்தது.

கடிகாரம் இல்லை. எங்கே நிறுத்துவதென்று தெரியாது. பெரும்பாலும் அறுபத்துநாலு என்று சொல்லிக்கொண்டு எழுதுவாள் மகள். அதுவரைக்கும் எண்ணலாம்.

முப்பதில் மாடு நீளமாய் மூச்சுவிட்டது.

நாற்பதில், காம்பிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. இன்னொன்று. அவள் குனியவில்லை.

நாற்பத்தொன்று.

"அக்கா, ஏவாரி வந்தாச்சு! மாட்ட அவுத்துரட்டுமா?"

"ஏன்டா கத்தற! எண்ணிக்கை உட்டுப்போச்சு பாரு!"

அவிழ்க்க வந்த குப்புராசு வாசலோடு நின்றான்.

அவள் விரலைச் சரியாக வைத்துக்கொண்டாள்.

ஒன்று.