பொற்கொடி சொல்லிக்கொடுத்த புருஷன்

குடியை நிறுத்திய மூன்றாம் நாள் தவசிக்கு வலிப்பு வந்து, இருபது வருட ஞாபகம் மொத்தமாகப் போய்விட்டது. வீட்டு ஆள் வாயால் சொல்வதைத்தான் மறுவாழ்வு மையத்தில் ஒரு கருவி வழியாக ஞாபகமாக மூளைக்குள் திரும்ப ஏற்றுவார்கள்.

"நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுங்கக்கா," என்றாள் நர்ஸ்.

கட்டின புருஷனை வெளியாளிடம் எப்படிக் குறை சொல்வது? பொற்கொடி நல்லதை மட்டும் சொன்னாள். கொஞ்சம் கூட்டியும் சொன்னாள்.

வீடு திரும்பிய தவசி தங்கமாக இருந்தான். ஒருநாள் அவள் தோசை வைக்கும்போது முழங்கைத் தழும்பைப் பார்த்துவிட்டான்.

"இது எப்படி ஆச்சு புள்ள?"

அவன் அரிவாள்மணையை வீசியதில் வந்த தழும்பு அது. தெளிந்த பிறகு "தப்புப் பண்ணிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று பதினோரு வருடமாகக் காத்திருந்தாள்.

"நீங்கதாங்க... குடிச்சிட்டு..."

தவசி சிரித்தான். "போடி, கேலி பண்ணாத. நான் என்னிக்கு உன் மேல கை நீட்டினேன்? எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே!"

அவன் முகத்தில் துளி பொய் இல்லை.

"சும்மா சொன்னேங்க. கதவு ஆணி கிழிச்சது."

அவன் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து பதமாகத் தடவினான். அவள் கண் நிறைவதைப் பார்த்துப் பதறினான்.

"இன்னுமா வலிக்குது?"

"ஆமாங்க," என்றாள்.