மிஞ்சிய மழைக்கோட்டு

மாசி மாத மதியம் இரண்டு மணிக்கு வெயில் சட்டென்று மறைந்து, மலைமேட்டுப் புல்வெளியில் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. மலையேற வந்த குழுவுக்குச் சுமை தூக்க வந்த காமாயி தலைச்சுமையை இறக்கி, மழைக்கோட்டுகளை எடுத்தாள். இந்த வெயிலில் இதெல்லாம் எதற்கு என்று காலையில் சிரித்தவர்கள் இப்போது அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். வயிற்றுவலியென்று ஒருவர் அடிவாரத்திலேயே தங்கிவிட்டதால் ஒன்று மிஞ்சியது. தனக்குத்தான் என்று காமாயி அதை விரித்தாள். குழுத் தலைவர் ரகுநந்தன் அதை வாங்கி, அவள் முதுகில் தொங்கிய கேமரா பைக்குப் போர்த்திப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். கோட்டின் வெற்றுக் கைகள் அவள் தோள்களின் மேல் விழுந்து ஆடின.

“இது நனைஞ்சா வீணாப் போயிடும்மா. உனக்குத்தான் மலை பழக்கமாச்சே!”

“பழகுனா குளிராதா சார்?”

“கூடாரம் பக்கம்தான். நட, நட.”

சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் மரத்துப்போயின. அடுத்த ஏற்றத்தில் அவள் நின்றாள். பையைப் புல்லில் இறக்கி, பல்லால் பொத்தான்களைக் கழற்றி, கோட்டைத் தான் போட்டுக்கொண்டாள். ரகுநந்தன் ஓடிவந்து பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“யாரைக் கேட்டு எடுத்தே?”

காமாயி நடுங்கியபடியே எல்லோரையும் பார்த்தாள்.

“போன மாசியில இங்க வெறைச்சுப் போனவனை நாங்க நாலு பேரு சுமந்து எறக்குனோம் சார். என்னையச் சுமக்க உங்கள்ல யாரு வருவீக?”