ஆரம்ப வகுப்பு

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் கணவன் கண்களை மூடி, யாரையோ மார்போடு அணைத்தபடி நின்றிருந்தான். அணைப்புக்குள்தான் ஆள் இல்லை.

"உன் வீட்டுக்காரர் எதைடி கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறார்?" என்றாள் உடன் வந்திருந்த அக்கா.

"சீனப் பயிற்சிக்கா. மரம் மாதிரி அசையாம நிக்கணுமாம். உள்ளுக்குள்ள சக்தி ஓடுமாம்."

"வீட்டுல ஒரு வேலை சொன்னா அப்படித்தானே நிப்பாரு? அதுக்கு வகுப்பு வேறயா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் சலூனில் சவரத்துக்கு வருகிறவர்களையெல்லாம் பங்குதாரர் பக்கம் தள்ளிவிட்டு, சாயங்காலமானால் இங்கே ஓடி வந்துவிடுகிறான். ஆரம்ப வகுப்பு முடிந்தால், மறுபடி அதே ஆரம்ப வகுப்பில் சேர்கிறான். அவள் கையைத் தொட்டே பல நாளாகிறது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறான்.

உள்ளே எல்லோரும் முழங்காலை லேசாக மடித்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய பந்தைப் பிடித்திருப்பதுபோல் கைகளை வளைத்து நின்றார்கள். புதியவர்கள் அல்லவா, அத்தனை பேர் கைகளும் வெடவெடத்தன.

பயிற்சி ஆசிரியை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "நடுங்கினா நடுங்கட்டும். தோளை இறுக்காதீங்க. உடம்பு பழகிட்டா தானா நின்னுடும்."

அவனிடம் வந்தபோது முழங்கையைத் தொட்டு, மெல்ல உயர்த்திவிட்டாள். அவன் கண்ணைத் திறந்து புன்னகைத்தான். வீட்டில் அந்தப் புன்னகையைப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

அக்கா அவள் விலாவில் இடித்தாள். "நெருப்பில்லாம புகையாதுன்னு நான் சொன்னேனா இல்லையா?"

வகுப்பு முடிந்து முதலில் வெளியே வந்தது ஆசிரியைதான். "நான் அவர் சம்சாரம்" என்று அவள் கைகாட்டியதும், ஆசிரியையின் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு, நீங்களாவது சொல்லுங்க. மேல் வகுப்புக்குப் போங்கன்னு நானும் தலைகீழா நின்னு பார்த்துட்டேன். அதை வேற மாஸ்டர் எடுக்கிறார். இவரானா, உங்ககிட்டயே இருந்துடறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார்."

"கேட்டுக்கோ" என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

கைகளைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே வந்த கணவன், மனைவியைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"நீ எங்க இங்க?"

"அந்தம்மாவை விட்டுப் போக மனசு வரல, அப்படித்தானே?" அவள் குரல் உடைந்தது. "மழுப்பாதீங்க. இன்னிக்கு எனக்கு ஒரு பதில் தெரிஞ்சாகணும். இல்லேன்னா, பிள்ளைங்களைக் கூட்டிட்டு அக்காவோட போயிடுவேன்."

அவன் அக்காவைப் பார்த்தான். ஆசிரியையைப் பார்த்தான். பிறகு மனைவியை மட்டும் படிக்கட்டு ஓரமாக அழைத்துப்போய், யாருக்கும் கேட்காமல் சொன்னான்.

"மேல் வகுப்புல என் கை மட்டும்தான் நடுங்கும்."