தோள் கண்டுபிடித்த துப்பாக்கி

குட்டைத் துப்பாக்கியை இன்னும் குட்டையாக்க, சுடும் பொறி முழுவதையும் விரல் வைக்கும் விசைக்குப் பின்னால், சுடுபவர் கன்னத்தை ஒட்டித் தள்ளி வைத்திருந்தான் துறைமுக ஆயுதக் கிடங்கின் மெக்கானிக் செல்வின். காலித் தோட்டா முகத்தில் அடிக்குமே என்ற கவலையும் இல்லை. ஒரு வாரம் கூடவே வைத்திருந்தால் போதும், துப்பாக்கியே ஆளைப் படித்துக்கொண்டு, அவர் முகம் இல்லாத பக்கமாகக் காலித் தோட்டாவைத் துப்பிவிடும்.

மற்ற நாற்பது காவலர்களுக்கும் சரியாக இருந்தது. காவலர் இசக்கியம்மாளுக்கு மட்டும் மூன்று தடவையும் காலித் தோட்டா சுடச்சுடக் கன்னத்திலேயே வந்து விழுந்தது.

"தம்பி, இது என்னைய இடதுகைக்காரின்னு நினைச்சிருக்கு," என்று கன்னத்தைத் தேய்த்தாள். படிவத்தில் வலதுகை என்றுதான் எழுதியிருந்தாள்.

செல்வின் பிரித்துப் பார்த்தான். பழுது எதுவும் இல்லை. அவனுக்கு ஆவல் தாங்கவில்லை.

"யக்கா, சும்மா ஒரு தடவ இடது தோள்ல வச்சுத்தான் பாருங்களேன்."

முறைத்துக்கொண்டே மாற்றி வைத்தாள். ஐந்து குண்டும் குறிப்பலகையில் ஒரே ஓட்டை வழியாகப் போயின. காலித் தோட்டாக்கள் அவளைத் தொடாமல் மறுபக்கம் உதிர்ந்தன.

"சின்னதுல எந்தக் கையில சாப்பிட்டீங்க?"

"நாலு வயசுல அம்மா இந்தக் கையத் துணிவச்சுக் கட்டிப்போட்டா. எனக்கு மறந்தே போச்சு, தம்பி."

இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், புதிதாக வேலைக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல. பிறகு கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, காலையில பாப்பா இடது கையில துணி கட்டிட்டு வந்தேன்ல? அத அவுத்து விட்டுருங்க. ஆமா, இப்பவே."