கினாக்கோ சொன்ன விலாசம்

“அடுத்த கதவு! ஹிராய்வா வீடு அடுத்த கதவு!”

கிளி கத்தியதும், சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்த சிசுருவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“ஏங்க, நம்ம கினாக்கோ என்ன சொல்லுதுன்னு கேட்டீங்களா?”

கணவன் தகுமா செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “புதுசா ஏதோ பேசுது. நல்லதுதானே?”

“நல்லதா? ‘நான் கினாக்கோ, நாலாவது மாடி, நானூத்தி ஏழு’ன்னு தொண்டை வறள வறளச் சொல்லிக்கொடுத்தேன். எதுக்கு? பறந்து போனாலும் யார்கிட்டயாவது விலாசம் சொல்லித் திரும்பி வரட்டும்னு. இப்ப அது பக்கத்து வீட்டு விலாசத்தைச் சொல்லுது!”

அவள் பதற்றத்திலும் நியாயம் இருந்தது. முன்னால் வளர்த்த கிளி, திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பறந்தது பறந்ததுதான். அதற்குப் பேச வராது. ஒசாகா முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் படம் ஒட்டியும் கிடைக்கவில்லை. சிசுரு அழுது அழுதே பாதியாக இளைத்துப்போனாள். இதையும் தொலைத்தால் தாங்க மாட்டாள்.

பக்கத்து வீட்டு ஹிராய்வா பெரியவர்மேல் அவளுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். வராந்தாவைப் பார்த்த சமையலறை ஜன்னலில்தான் கிளிக்கூண்டு. போகும்போதும் வரும்போதும் அங்கே நிற்பார். கம்பி வழியாகத் தினைக்கதிரை நீட்டுவார். கிசுகிசுவென்று ஏதோ ஓதுவார். இவள் எட்டிப் பார்த்தால் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, குனிந்து ஒரு வணக்கம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். நல்ல மனுஷனுக்கு எதற்கு ரகசியம்?

“போன வாரம் நம்ம கதவுல சாவியைப் போட்டுத் திருகினாரே, மறந்துட்டீங்களா? நான் திறந்ததும் முழிச்ச முழி இருக்கே!”

“அதான் மன்னிப்புக் கேட்டாரே.”

“மாட்டிக்கிட்டா எல்லாரும்தான் கேப்பாங்க. உங்களுக்கு உலகத்துல எல்லாரும் உத்தமருங்க!”

“ஒரு குட்டிக் கிளிக்காக அந்த மனுஷன் திட்டம் போடுறாரா? ஏன் சிசுரு, உனக்கே இது கொஞ்சம் அதிகமாத் தெரியல?”

“ஏன் போட மாட்டார்? கிளி வெளிய பறந்து போச்சுன்னு வைங்க. யார் பிடிச்சாலும் அது சொல்ற வீட்டுக்குத்தானே கொண்டுபோவாங்க? ‘வாடா செல்லம்’னு வாங்கி வச்சுப்பார். எப்படி வேலை செய்யுது பாருங்க மூளை!”

தகுமா சிரித்துவிட்டான். “அவருக்கு வேலை செய்யுதோ இல்லையோ, உனக்கு நல்லாவே செய்யுது.”

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கூண்டைத் தூக்கிப் படுக்கையறையில் வைத்தாள். போதாதென்று கதவையும் சாத்தினாள்.

சாயங்காலம் வராந்தாவில் காலடிச் சத்தம். சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒரு நிழல் வந்து நின்றது.

“கினாக்கோ...”

நிழல் அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் போனது. பிறகு திரும்பி வந்தது.

“கினாக்கோ... எங்கடா இருக்கே?”

திருடன் வீடு வீடாக எட்டிப் பார்க்கிற மாதிரி! சிசுரு படாரென்று கதவைத் திறந்தாள். ஹிராய்வா பெரியவர், கையில் கடைப் பையோடு நின்றிருந்தார்.

“கிளி எங்கம்மா? சத்தத்தையே காணோமே?”

“எங்க இருந்தா உங்களுக்கு என்ன?”

“கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை பேசச் சொல்லுங்க, போதும்.”

“எதைப் பேசச் சொல்லணும்? உங்க விலாசத்தையா? நான் ஆசையா வளக்குறதை உங்க வீட்டுக்கு வரவழைக்கப் பாத்தீங்களே, வெக்கமா இல்ல? வயசுக்கேத்த காரியமா இது?”

பெரியவர் மெதுவாகக் கேட்டார்: “அப்ப இனிமே ஜன்னல்ல வைக்க மாட்டீங்களா?”

“மாட்டேன்!”

கதவை அறைந்து சாத்தினாள். அப்பாடா, கையும் களவுமாகப் பிடித்தாயிற்று! மனசுக்கு அவ்வளவு திருப்தி.

இருட்டும் நேரத்தில் தகுமா வேலையிலிருந்து வந்தான்.

“ஹிராய்வா பெரியவர் ஏன் லிஃப்ட் பக்கத்துல தரையில உட்கார்ந்திருக்கார்? உடம்புக்கு ஏதாவதான்னு கேட்டேன். ஒண்ணுமில்லேங்கறார். பையில இருக்கிற மீன்ல ஐஸெல்லாம் கரைஞ்சு தண்ணி ஒழுகுது.”

“இன்னுமா போகல? கூண்டை எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னு வேவு பாக்குறார். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!”

“சிசுரு, வேண்டாம். அக்கம்பக்கத்துல கேக்கப்போறாங்க.”

“கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்!”

விடுவிடுவென்று வராந்தாவில் நடந்தாள். அவளைப் பார்த்ததும் பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“என் கிளிய வாங்காமப் போகமாட்டீங்களோ?”

“ஐயோ, கிளி உங்களோடதும்மா. எனக்கு வேண்டாம்.” வரிசையாக இருந்த நீலக் கதவுகளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “கொஞ்ச நாளா எனக்கு நம்பரும் மறந்துபோகுது, கதவும் எல்லாம் ஒண்ணாவே தெரியுது. பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டுடுவா. புத்தி தெளிவா இருக்கறப்ப கினாக்கோவுக்குச் சொல்லி வச்சேன்... அது சொன்னாத்தாம்மா என் வீடு எதுன்னு எனக்குத் தெரியும்.”