காதுக்குப் பின்னால்

"இதை எங்க ஒட்டணும்?" என்று கேட்டாள், கப்பல் சுற்றுலா கிளம்பும் அந்த இளம்பெண்.

மருந்துக்கடைக்காரி விரல்நகம் அளவு வட்டப் பட்டையை எடுத்துக் காட்டினாள். "காதுக்குப் பின்னாடி, முடி இல்லாத இடத்துல. மருந்து தோல் வழியா உள்ள இறங்கும், குமட்டாது. ஆனா மூணே நாள்தான். மறக்காம எடுத்துடணும்."

"எனக்கில்ல, அவருக்கு. கப்பல்னாலே குடலைப் புரட்டுமாம். இருந்தும் எனக்காக வர்றார்!"

"கொடுத்து வெச்சவங்க நீங்க. என் வீட்டுக்காரரைத் தெருமுனைக்குக் கூப்பிட்டாலே ஆயிரம் சாக்கு சொல்வார்."

பெருமூச்சோடு பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் மாலை, அலுவலகப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்த மருந்துக்கடைக்காரியின் கணவன் திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தான்.

"நாலு நாளா ஒரே ரூம்ல அடைச்சு வெச்சுட்டாங்க. வெளிக்காத்துகூடப் படல. கழுத்தைக் கொஞ்சம் பிடிச்சு விடேன்."

பாவம், ஆள் கறுத்தே போய்விட்டான். பின்னால் நின்று கழுத்தைப் பிடித்தாள். இடது காதருகே விரல் நின்றது. மெதுவாக உரித்தாள்.

"ஆ! என்னடி அது?"

அவள் குரல் உயரவில்லை.

"மூணு நாள்ல எடுத்துடணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தானே கொடுத்தேன்? அவ உங்ககிட்ட சொல்லலையா?"