திருப்பக் கூடாத படம்

"படத்தைத் திருப்பிக் காட்டுங்க சிஸ்டர்."

டிகிரி இதைச் சொன்னதும் பல் டாக்டரின் ஊசி துணிக்குள் பாதியில் நின்றது. பூனைக்காரம்மா வாய்வரை கொண்டுபோன தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தார். அத்தை மேசைக்கு அடியில் டிகிரியின் தொடையைத் திருகிக் கிள்ளினார்.

நூலகத்து மாடியில் சனிக்கிழமைதோறும் கூடும் இந்தக் குறுக்குத் தையல் சங்கத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வயசைக் கேட்கலாம், சம்பளத்தைக் கேட்கலாம், சம்பந்தி வீட்டுச் சண்டையை ஆதியோடந்தமாகக் கேட்கலாம். தைத்த படத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லி மட்டும் கேட்கவே கூடாது. முதல் நாளே மாடிப்படியில் நிறுத்திவைத்து அத்தை சொல்லிக்கொடுத்த பாடம் அது. துணியின் முன்பக்கம் ஊர் பார்க்க. முடிச்சும் பிசிறும் குறுக்கே தாவி ஓடிய நூலும் கிடப்பது மறுபக்கத்தில். அதைக் காட்டச் சொல்வது, விருந்துக்குப் போன வீட்டில் பீரோவைத் திறந்து பார்ப்பதற்குச் சமம்.

அதிலும் சிஸ்டரிடம். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்தின் தலைவி. அவர் தைத்த சாம்ப்ளர், அதாவது எழுத்தும் உருவமும் சேர்த்துத் தைக்கும் மாதிரிப் படம், அதுதான் வருஷா வருஷம் சங்கத்தின் கண்காட்சி வாசலில் தொங்கும். நடுவில் ஓட்டு வீடு, இரண்டு பக்கமும் பறவை, சுற்றிலும் அரிச்சுவடி. கட்டம் எண்ணிப் போடுகிற தையலில் 'ஞ'வை வளைத்துக் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமில்லை. சிஸ்டரின் 'ஞ' அச்சில் வார்த்ததுபோல உட்கார்ந்திருக்கும்.

என் தையலுக்கு முன்பக்கமும் மறுபக்கமும் ஒன்றுதான் என்பது புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் வாக்கியம். முடிச்சுப் போடுகிறவள் ஊசியைத் தொடவே கூடாது என்பது அடுத்தது. சொல்லிவிட்டுத் தன் படத்தின் பின்னால் பழுப்புக் காகிதத்தை இழுத்து ஒட்டிவிடுவார்.

"எதுக்குப் பாக்கணும்?" என்றார் சிஸ்டர், ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் பேசுகிற குரலில். "மெஷின்ல போட்டதுன்னு நினைக்கிறியா?"

டிகிரி படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். அத்தை அதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லியே சங்கத்தில் அவள் பெயர் டிகிரி ஆகிப்போனது. அந்தப் படிப்பு அவளுக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: எங்கே கேட்காதே என்கிறார்களோ அங்கேதான் விஷயம் இருக்கிறது.

"காட்டாத படத்தை வாசல்ல மாட்டக் கூடாது," என்றாள்.

அத்தை கையைப் பிசைந்தார். படித்த பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எல்லார் முகத்தையும் பார்த்து மன்னிப்புக் கேட்டார். பல் டாக்டர் சமாதானத்துக்கு வந்தார். வாயைத் திறக்கச் சொன்னாலே மனிதர்கள் கூசுகிறார்கள், இது அதைவிடப் பெரிய விஷயமில்லையா என்றார். சொல்லிக்கொண்டே தன் சட்டகத்தை எடுத்துச் சத்தமில்லாமல் மடியில் கவிழ்த்து, அதன்மேல் தொப்பியை வைத்துக்கொண்டார்.

பூனைகளை மட்டுமே தைக்கும் பூனைக்காரம்மா தன் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சீறினார். "இன்னிக்கு அவங்களைக் கேப்பே, நாளைக்கு எங்களைக் கேப்பே. நீ என்னம்மா கிழிச்சே? கண்காட்சிக்குப் படம் சேக்க இன்னிக்குத்தான் கடைசி. உன்னுது எங்கே?"

டிகிரிக்குக் காது சூடேறியது. சிஸ்டரையே பார்த்தாள்.

"நாப்பது வருஷமாத் தையல் போடுறேன்," என்றார் சிஸ்டர் மெதுவாக. "துணியிலயும் போட்டிருக்கேன், ஆளுங்க மேலயும் போட்டிருக்கேன். திருப்பிக் காட்டுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

"நான் கேக்குறேன்."

சிஸ்டர் எழுந்தார். காகிதத்தைச் சர்ரென்று கிழித்தார். அட்டையை உருவிவிட்டுத் துணியை மேசைமேல் கவிழ்த்துப் போட்டார்.

காக்கைக்கூடு ஒன்று மரத்திலிருந்து விழுந்து அப்படியே கிடப்பதுபோல் இருந்தது. மிளகு மிளகாக முடிச்சுகள். ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து கிளம்பிய கறுப்பு நூல் பறவையின் வயிற்றைத் தாண்டி, 'ஞ'வைச் சுற்றிவளைத்து, எங்கே போவதென்று தெரியாமல் திரும்பி வந்திருந்தது. அடங்காத இடங்களில் நூலை அமுக்கி மருத்துவப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.



"முடிச்சுப் போடாம எனக்கு வரவே இல்ல," என்றார் சிஸ்டர். குரல் இறங்கிவிட்டது. "உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு வரல. போதுமா?"

டிகிரி குனிந்து, மூக்கு துணியில் படுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிளாஸ்திரியை விரலால் தடவினாள்.

"மெஷின் இப்படிப் போடாது," என்றாள். "வாசல்லயே மாட்டுங்க."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள்.

"மானத்தை வாங்கிட்டு எங்கடி கிளம்பிட்டே?" அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதோ வந்துர்றேன் அத்தை. படம் சேக்குறதை முடிச்சிடாதீங்க."

வாராவாரம் வீட்டிலிருந்து தூக்கிவந்து, கீழே காவலாளியின் நாற்காலிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு வந்த தன் சாம்ப்ளரை இன்றைக்கு மேலே கொண்டுவந்துவிடுவது என்று அவள் முடிவு செய்தாயிற்று. தன்னுடையதைவிடக் கேவலமாக ஒரு மறுபக்கம் இந்த உலகத்தில் இருக்க முடியும் என்று அவள் அதுவரை நம்பியதே இல்லை.